கூப்பிடுகிறவர் கேட்கும் பாட்டு

எங்கள் தெருவில் யாருடைய போனில் எந்தச் சாமி இருக்கிறார் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரும்புக் கடைக்காரர் பிள்ளையாரை வைத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டால் மணி அடித்து, மேளம் தட்டி, தும்பிக்கையிலிருந்து தொந்திவரை வர்ணித்து முடிந்த பிறகுதான், "ம், யாரு?" என்று ஒரு உறுமல் வரும். எலக்ட்ரீஷியன் வைத்திருப்பது அம்மன் பாட்டு. அந்த மனிதர் ஜென்மத்தில் போனை எடுக்க மாட்டார் என்பதால் அது தெருவுக்கே மனப்பாடம். மின்விசிறி ஓடாத வீடுகளில் குழந்தைகள்கூட அதைத்தான் பாடிக்கொண்டிருக்கும். பல் டாக்டருடைய பாட்டு வலியெல்லாம் தீர்த்து வைக்கிற ஒரு சாமியைப் பற்றியது. அதைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தவர்களில் பாதிப் பேர், வலி போய்விட்டது என்று போனை வைத்துவிடுவதாக அவருடைய நர்ஸ் சொல்வாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போனுக்குச் சொந்தக்காரருக்குத் தன் பாட்டு கேட்காது. அவர் கையில் போன் வழக்கம்போல் கிணுகிணுவென்றுதான் அடிக்கும். பாட்டு, கூப்பிடுகிறவர் காதுக்கு மட்டும். அதனால் சிலர் என் கடைக்கு வந்து, "தம்பி, என் நம்பருக்கு ஒரு போன் போடு, சாமி வர்றாரான்னு பாப்போம்" என்று என் போனை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர்கள் சட்டைப்பையில் அவர்கள் போன் கத்திக்கொண்டிருக்கும். எடுக்கவே மாட்டார்கள்.

என்னுடையது போன் ரிப்பேர் கடை. ரீசார்ஜ் செய்வது, உடைந்த கண்ணாடி மாற்றுவது, சார்ஜர் விற்பது, காலர் ட்யூன் வைத்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. கடை என்று சொன்னால் ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். எதிரே, தெருவைத் தாண்டினால் பேக்கரி. காலையில் கதவைத் திறந்ததும் ரொட்டி வாசனை என் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாடகை தராத ஆள் அது ஒன்றுதான்.

அந்த பேக்கரியின் அடுப்புக்காரர்தான் நான் சொல்ல வந்தவர். தெரு முழுக்க அவரை 'அடுப்பு' என்றே சொல்லும். எனக்குக் கூடப் பிறக்காத அண்ணன். உயரமான ஆள், புருவ முடி எப்போதும் கொஞ்சம் பொசுங்கியிருக்கும். நீளக் காம்பு வைத்த மரத்துடுப்பால் ரொட்டித் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளும்போது, எந்தத் தட்டு எந்த மூலையில் போய் நிற்கும் என்று அவருடைய தோளுக்குத் தெரியும். அடுப்பின் சூடு பார்க்க ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே வீசுவார். அது சிவக்கிற வேகத்தை வைத்து, "இப்ப ரொட்டி", "இப்ப பன்னு" என்பார். விடிகாலையிலிருந்து ரொட்டியும் பன்னும் வெந்து இறங்கிய பிறகு, மத்தியானம் அடுப்பு தணியத் தொடங்கும். அந்த மிச்சச் சூட்டில்தான் ரஸ்க். முந்தின நாள் ரொட்டியைத் துண்டு போட்டு அடுக்கி உள்ளே தள்ளிவிட்டால், பாதியில் ஒரு தரம் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த இடைவெளியில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி என் ஸ்டூலுக்கு வருவார்.

வந்து என்ன செய்வார்? டீயைக் குடிப்பார். போனை எடுப்பார். ஒரு நம்பருக்குப் போடுவார். காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு பாட்டு ஓடும். வருஷக்கணக்கில் அடுப்படியிலேயே நின்று அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனில் சத்தத்தை முழுசாக வைத்திருப்பார். பாட்டு எனக்கும் கேட்கும். கோபித்துக்கொண்டு மலையேறிப் போன பிள்ளை முருகனை, இறங்கி வாடா என்று அம்மா கூப்பிடுகிற பாட்டு. பாடுகிற அம்மாள் கெஞ்ச மாட்டாள், அழ மாட்டாள். அடுத்த தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகக் கூப்பிடுவாள். எதிர்முனையில் யாரும் எடுக்க மாட்டார்கள். பாட்டு தானாக நிற்கும். அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வர்றேன் தம்பி, தட்டத் திருப்பணும்" என்று எழுந்துவிடுவார். டீக்கு அளவு, உட்காருவதற்கு அளவு, ரஸ்க்குக்கு அளவு எல்லாம் அந்தப் பாட்டுதான்.

அது அவர் மகளுடைய நம்பர்.

மகள் கண்ணாடிக் கடை ஒன்றில், மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில், வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணன் அவளுக்குப் பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்தப் பாட்டையும் அன்றைக்கே இதே ஸ்டூலில் உட்கார்ந்து என்னை வைக்கச் சொன்னார். அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. "அவளுக்கா கேக்கப் போவுது? கூப்பிடுற எனக்குத்தான கேக்கும். எனக்குப் பிடிச்சத வைப்பா" என்றார். நியாயமான பேச்சு. வைத்துக் கொடுத்தேன். "இது தானா ஓடிட்டே இருக்கும்ண்ணே. வேண்டாம்னா அவங்கதான் நிறுத்தணும்" என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். அந்த வார்த்தையை மனிதர் இவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்.

பிறகு அந்தப் பெண், அதே கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை. எந்தச் சாமி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். எந்தச் சாமியும் இதில் ஒரு தப்பும் செய்யவில்லை. பதிவு செய்துவிட்டு இரண்டு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். "இனிமே இந்தப் படிய மிதிக்காத. போனும் பண்ணாத" என்றார் அண்ணன். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாமி வேறு என்பதில் அண்ணிக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. தன்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

அந்தப் பெண் சொல்பேச்சுக் கேட்கிறவள். படியை மிதிக்கவில்லை, போனும் பண்ணவில்லை. அண்ணன் மட்டும் கொஞ்ச நாளில் என் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போட ஆரம்பித்தார். முதல் நாள் பாட்டு இரண்டு வரிகூட ஓடவில்லை, "அப்பா" என்று குரல் வந்தது. எனக்கே கேட்டது. இவர் சூடான தட்டைத் தொட்டவர் மாதிரி சட்டென்று கட் பண்ணிவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கப்புறம் அவள் எடுப்பதை விட்டுவிட்டாள். பாட்டு மட்டும் ஓடியது.

"எதுக்குண்ணே இது? பேசணும்னா பேசுங்க, இல்லைன்னா விடுங்க" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேச ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்குப் போடுறீங்க?"

"பாட்டு இருக்கான்னு பாக்கறேன்."

"பாட்டு எங்க போவும்?"

அவர் டீ கிளாசை உள்ளங்கையில் உருட்டினார். "நீதான சொன்ன, வேண்டாம்னா அவதான் நிறுத்தணும்னு. அவ போயிருக்கிற வீட்டுல இந்தப் பாட்டுக்கு என்ன வேலை? இருந்தும் நிறுத்தலையே. நம்மள வேண்டாம்னு நெனச்சிருந்தா மொத வேலையா அதத்தான நிறுத்தியிருப்பா?"

அவள் நினைக்காவிட்டாலும் அது தானாக ஓடும் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு மனிதர் ஒரு நாளைக்கு ஒரு தரம் நிம்மதியாக மூச்சு விடுகிறார், அதில் போய்த் தொழில்நுட்பம் பேச எனக்கு மனசு வரவில்லை. இப்படியே இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

மூன்றாவது மழைக்காலத்தின் தொடக்கத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய ஒரு வாரம் வந்தது. மழை நாளில் பேக்கரி வேலை கெட்ட வேலை. மாவு பொங்காது. விறகு புகையும். வெந்த ரொட்டியை ஆற வைத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். அண்ணன் மாவு பிசைகிறவரோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிவிட்டு, தலையில் காலி மைதா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தார். டீ சொன்னேன். போனை எடுத்தார், நம்பரைப் போட்டார், காதில் வைத்தார்.

ட்ரிங் ட்ரிங். ட்ரிங் ட்ரிங்.

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "நம்பர் மாறிப் போச்சுபோல" என்று மறுபடி போட்டார். ட்ரிங் ட்ரிங். என்னிடம் நீட்டினார். "நீ பாரு தம்பி. மழையில போன் கெட்டுப் போச்சா?"

என் போனிலிருந்து போட்டேன். அதே வெறும் மணிச் சத்தம். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நிறுத்திட்டா."

"அண்ணே, அப்படி இல்ல. கம்பெனிக்காரனே நிறுத்தியிருப்பான். ரீசார்ஜ் மாறினா போயிரும். ஏதாவது பட்டன் தெரியாம அமுங்கியிருக்கும். ஆயிரம் காரணம் இருக்கு."

"இத்தன நாள் போவலையே. அப்ப அமுங்கலையே பட்டன்." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "அவங்க வீட்டுல சொல்லியிருப்பாங்க. எத்தன நாளைக்கு அவளும் தாங்குவா. விடு. அவ அங்க நல்லா இருக்கணும்ல, அந்த வீட்டு மனுஷியா இருந்தாத்தான நல்லா இருக்க முடியும்."

டீ ஆறியது. பாட்டு வந்திருந்தால் அது முடிந்ததும் எழுந்திருப்பார். வரவில்லை, அதனால் எழவில்லை. எதிரே பேக்கரியிலிருந்து கரிந்த வாசனை வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. "அண்ணே, ரஸ்க்" என்றேன். அவர் ஓடவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து போனார். அன்றைக்கு ரஸ்க் அத்தனையும் கரி. முதலாளி வாயைத் திறக்கவில்லை. இந்த மனிதர் கையில் ரஸ்க் கரிந்ததைப் பார்த்துப் பழக்கமில்லாததால் அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவர் ஸ்டூலுக்கு வரவில்லை. மத்தியானத்தில் பேக்கரியின் பின்கட்டில் மாவு மூட்டை மேல் படுத்துக் கிடக்கிறார் என்று மாவு பிசைகிறவர் சொன்னார். தட்டைத் திருப்ப அவர்தான் போய்த் தட்டி எழுப்ப வேண்டியிருந்ததாம்.

அண்ணி என் கடைக்கு வந்தது அந்த வாரத்தில்தான். அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறார். மத்தியானம் வீட்டுக்குப் போய், சோற்றைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு வந்து, புருஷனுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். என் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். போனே வைத்துக்கொள்ளாதவர். "யாரு கூப்பிட இருக்கா எனக்கு" என்பார். அன்றைக்குக் குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்காராமல் நின்றார்.

"தம்பி, உங்க அண்ணன் ஒண்ணும் சரியில்ல. சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. வாய்க்குப் போவ மாட்டேங்குது."

"உடம்புக்கு ஏதாவது..."

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அந்தப் பாட்டு நின்னு போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"அந்த மனுஷன் காது எனக்குத் தெரியாதா? லீவு நாள்ல மொட்ட மாடிக்குக் காத்து வாங்கப் போறேம்பாரு. போன்ல சத்தத்த வச்சா நாலு வீட்டுக்குக் கேக்கும். கீழ துணி தொவச்சுக்கிட்டிருக்கிற எனக்குக் கேக்காதா?"

"நீங்க ஒரு தடவகூட அவரக் கேக்கலையா?"

"கேட்டா வெக்கப்பட்டு நிறுத்திருவாருல்ல." குடையிலிருந்து தண்ணீர் ஓடிக் கடைக்குள் வருவதைக் காலால் தள்ளிவிட்டார். "அப்புறம் நான் எதக் கேக்கறது?"

"நான் வேணா அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கட்டுமா? விஷயம் சின்னதாத்தான் இருக்கும் அண்ணி" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

"ஆமா சித்தப்பா, நாந்தான் நிறுத்துனேன்னு அவ சொல்லிட்டா? இப்பவாவது, இருக்குமோ இருக்காதோன்னு ஒரு எடம் இருக்கு. அதையும் மூடிட்டு நாங்க ரெண்டு பேரும் எங்க போறது?" குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி அப்படித்தான், பேச்சை முடித்துவிட்டால் முடித்ததுதான்.

நான் அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அன்று முழுக்கப் போடுவதா வேண்டாமா என்று தவித்தேன். ஒரு போன் ரிப்பேர்காரனால் ஒரு போன் பண்ண முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

நல்லவேளையாக எனக்கு அந்த வேலை வரவில்லை. மழை சற்று விட்டிருந்த ஒரு மத்தியானம், பல் டாக்டருடைய போனின் பின்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அண்ணன் மகள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குக் கடைசியில் கண்ணாடி வந்துவிடும்போல. முகம் வெளிறியிருந்தது. பேக்கரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு என்ன?"

"வாம்மா, உக்காரு. ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காரு. உள்ளதான் இருக்காரு."

"பொய் சொல்லாதீங்க. ஆஸ்பத்திரில ஏதும் இருக்காரா?"

"ரஸ்க் போட்டுக்கிட்டு இருக்காரும்மா. வாசன வரல?"

மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். உண்மைதான் என்று தெரிந்ததும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். டீ சொன்னேன். குடித்த பிறகு பேசினாள்.

"தினமும் மத்தியானம் அப்பா போன் வரும் சித்தப்பா. மொதல்ல எடுத்துப் பாத்தேன், கட் பண்ணிட்டாரு. அப்புறம் புரிஞ்சுது. அவருக்குப் பேச வேண்டாம். நான் இருக்கேனான்னு பாக்கணும், அவரு இருக்காருன்னு எனக்குச் சொல்லணும், அவ்வளவுதான். எடுத்தா அதுவும் போயிரும்னு எடுக்கவே மாட்டேன். அடிச்சு நிக்கற வரைக்கும் கையில வச்சுக்கிட்டு இருப்பேன். அது வந்தப்புறம்தான் சாப்பிடுவேன். கடையில எல்லாருக்கும் தெரியும், அப்பா போன் வந்திருச்சான்னுதான் கேப்பாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "இப்ப ஒரு வாரமா வரல. நான் போன் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. யாரக் கேக்கறது? இன்னிக்கு அவருதான், லீவு போட்டுட்டு வா, போய்ப் பாத்துட்டு வந்துரலாம்னு கூட்டிட்டு வந்தாரு."

"யாரு, உன் வீட்டுக்காரரா? எங்க அவரு?"

"முனையில நிக்கிறாரு. அப்பா கண்ணுல பட்டா கஷ்டப்படுவாருன்னு இந்தப் பக்கம் வரல."

பாட்டு விஷயத்தை நான் அப்போதுதான் சொன்னேன். தினமும் அண்ணன் இங்கே உட்கார்ந்து எதைக் கேட்டார், அது நின்றதும் என்ன நினைத்துக்கொண்டார், எல்லாவற்றையும். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள்.

"அந்தப் பாட்டா? அது இன்னுமா ஓடிட்டு இருந்துச்சு? வேலைக்குச் சேந்த புதுசுல கடையில கிண்டல் பண்ணுவாங்க, உன்னக் கூப்பிட்டா முருகன் வர்றாருன்னு. நான் அத மறந்தே போயிட்டேனே சித்தப்பா. எனக்கு வேற நம்பர் இருக்கு. எல்லாரும் அதுலதான் கூப்பிடுவாங்க. இது அப்பாவுக்காகத்தான் வச்சிருக்கேன்."

பையிலிருந்து அந்தப் பழைய பட்டன் போனை எடுத்தாள். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. வாங்கி அழுத்திப் பார்த்தேன். விஷயம் நான் நினைத்த மாதிரியே சின்னதுதான். "போன வாரம் இதுல ஏதாவது மாத்துனீங்களாம்மா?"

"நான் ஒண்ணும் பண்ணல. ரொம்ப நாளா ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டேன், நம்பர் கட்டாயிரும்னு மெசேஜ் வந்துச்சு. அவருதான் பதறிப்போயி, உங்க அப்பா கூப்பிடுற நம்பரு, செத்துப் போயிரக் கூடாதுன்னு ஓடிப்போய் ரீசார்ஜ் பண்ணிட்டு வந்தாரு. வேற ஏதோ திட்டம்னாரு."

"அதுல பாட்டு கிடையாது. அதான் போயிருச்சு."

அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்பரைப் பிழைக்க வைத்தான் அந்தப் பையன், அதனால் பாட்டு போனது. இதற்காக ஒரு மனிதர் ஒரு வாரமாக மாவு மூட்டையில் முகம் புதைத்துக் கிடக்கிறார்.

"பழையபடி வச்சிரட்டுமா?"

"வைங்க சித்தப்பா."

தேடினேன். அதே பாட்டை நாலைந்து பேர் பாடியிருந்தார்கள். ஒரு ஆண் குரல், மலையில் இருக்கிறவருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஒன்றில் டிரம்ஸ் அடித்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் அகப்பட்டாள். வைத்து முடித்து, வைத்தாகிவிட்டது என்று மெசேஜ் வந்ததும் என் போனிலிருந்து போட்டு அவள் காதில் வைத்தேன். அவள் மடியில் பட்டன் போன் அடித்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தன் பாட்டைத் தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல" என்றாள் பிறகு. "இப்படியா கூப்பிடுது? சாதாரணமா, சாப்பிட வான்னு கூப்பிடுற மாதிரி."

அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டினேன். அண்ணன் அடுப்பின் முன்னால் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் மாவும் வேர்வையும். மாவு பிசைகிறவர் என்னைப் பார்த்ததும் ஏதோ வேலை இருப்பதுபோல் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

"அண்ணே, அந்த நம்பருக்கு ஒருக்கா போடுங்க."

"எதுக்கு? அது முடிஞ்சு போன கத."

"பாட்டு வந்திருச்சு. உங்க பொண்ணு நிறுத்தல. அவ அந்த நம்பர உங்களுக்காக மட்டும் தனியா வச்சிருக்கா. நீங்க கூப்பிட்டு ஓஞ்சப்புறம்தான் சோத்துலயே கை வைக்கிறாளாம். ரீசார்ஜ் இல்லாம நம்பர் போயிர இருந்திருக்கு. அந்தப் பையன்தான் ஓடிப்போய்க் காப்பாத்தியிருக்கான். திட்டம் மாறுனதுல பாட்டு விட்டுப் போச்சு. நடந்தது இவ்வளவுதான்."

அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். "யாரு காப்பாத்துனது?"

"அந்தப் பையன். மாமனார் கூப்பிடுற நம்பராச்சேன்னு."

அண்ணன் ஒரு சிட்டிகை மைதாவை எடுத்து அடுப்புக்குள் வீசினார். ரஸ்க் உள்ளே இருக்கும்போது யாரும் சூடு பார்க்க மாட்டார்கள். அது சிவப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, நம்பரைப் போட்டு, பழக்க தோஷத்தில் என் கடைப்பக்கம் நடந்தபடியே வாசலுக்கு வந்தார்.

பாட்டு வந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பட்டன் போன் அடிக்கிற சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்தார். என் ஸ்டூலில் அவர் மகள், இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

அவள் எடுக்கவில்லை. எடுத்தால் கட் பண்ணிவிடுவார் என்று அவளுக்குப் பயம். போனைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டி, எடுக்கட்டுமா என்று தலையை ஆட்டிக் கேட்டாள். அவர் மாவுக் கையைத் தூக்கி, இரு என்று காட்டினார்.

"பாட்டு முடியட்டும்" என்றார், என்னிடமோ யாரிடமோ.

அந்த நேரம் பார்த்து அண்ணி தூக்குப் பாத்திரத்தோடு குடை பிடித்து வந்துகொண்டிருந்தார். நடுத்தெருவில் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், புருஷன் காதில் போனோடு நிற்கிறார். அந்தப் பக்கம் பார்த்தார், மகள். பாட்டு அவருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். மூன்று பேரும் அசையவில்லை. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து, அண்ணி நகராததைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

பாட்டு முடிந்தது. அண்ணன் மறுபடி நம்பரைப் போட்டார். இந்தத் தடவை இரண்டு வரி ஓடுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். "அப்பா" என்றாள். அவர் விரல் கட் பண்ணுகிற பட்டன் மேல்தான் இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் அமுங்கவில்லை. தொண்டையைச் செருமினார். காது மந்தக்காரர், அதனால் அவர் பேச்சு போன் வழியாகப் போவதற்கு முன்னாலேயே தெருவைத் தாண்டி நேராகப் போய்விட்டது.

"மாப்பிள்ள வரலியா?"

அவள் கையை நீட்டித் தெருமுனையைக் காட்டினாள்.

"மழையில எதுக்கு அவர அங்க நிக்க வச்சிருக்க?" என்றார் அண்ணன். "வரச் சொல்லு."

அண்ணி தூக்குப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்க்க நடந்தார்.